பொருந்துகிறதா

டார்பர்ட் துறைமுகத்தில் மீன் விற்றவரின் வேன் இது.
வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில்
‘இன்று பிடித்தது’ என்ற எழுத்து
மழை நாளில் மட்டும் தெரியும்.
இங்கே எல்லா நாளும் மழை நாள்.

கட்டில் அடித்தது லாக்லன்.
கட்டம் போட்ட திரை தைத்தது நான்.
இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம்
அலமாரிக் கதவு திறந்துகொண்டு
பால் பாத்திரம் விழும்.
சரி பண்ணுகிறேன் என்று சொல்லி ஆறு வருஷம்.
மீன் வாடையை மட்டும்
யாராலும் கழுவ முடியவில்லை.
அதனால்தான் பார்லிக்கு
இந்த வண்டி கோயில்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு
லாக்லன் வெளியே வருகிற முதல் ஞாயிறு.
ஓட்டுவது நான்.
பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல காலால்,
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறான்.

கில்மார்ட்டினில் முதலில் ஒரு கல்லறை மேடு.
பலகையை அவன் முதல் எழுத்திலிருந்து
அச்சிட்டவர் பெயர்வரை படிப்பான்.
பார்லியும் அப்படித்தான்.
ஒரு கல்லை மோந்தால் முழுசாக மோந்து
காலைத் தூக்கி
அடிக்குறிப்பு எழுதிவிட்டுத்தான் நகரும்.
நான் மேலோட்டமாகப் பார்க்கிறவள்.
ஃபிளாஸ்கில் டீ ஆறிவிடுமே என்று நினைக்கிறவள்.

‘ஆடுகள் மேய்கின்றன,
நாய்களைக் கயிற்றில் பிடித்து வரவும்.’
பிடித்துத்தான் வந்தோம்.
வட்டமாக நட்ட கற்களுக்கு நடுவே
என் தொப்பி காற்றில் போனது.
ஒரு நொடி, கையை விட்டது நான்தான்.

கல்லைக் கண்டோம். நாயைக் காணோம்.

ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் பார்த்தேன்.
மரங்களுக்குள் போய்க் கூப்பிட்டேன்.
ஆடுகள் தலையைத் தூக்கி
அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை
என்பதுபோல் மறுபடி மேய்ந்தன.
லாக்லன் கைத்தடியை நீட்டிச் சொன்னான்:
“நடுவில் பார்.”

நடுவில்,
யாரையோ மடக்கிப் படுக்கவைத்த கல் பெட்டி.
எலும்பும் போய், பெயரும் போய்,
அளவு மட்டும் மிச்சமிருந்த இடத்தில்
மூக்கை வாலில் புதைத்துச் சுருண்டிருந்தது
பார்லி. பதின்மூன்று வயது.
அதற்கும் அளவாக இருந்தது.
எழுப்ப மனம் வரவில்லை.
எழுப்பாமல் நிற்கவும் பயமாக இருந்தது.
லாக்லன் பையிலிருந்த பிஸ்கட் உறையைக் கசக்கினான்.
எழுந்தது.

பிற்பகல், டுனாட் குன்று.
சதுப்பின் நடுவே தனியாக முளைத்த பாறை.
உச்சியில் செதுக்கிய ஒரு காலடி;
அதில் கால் வைத்துத்தான்
பழைய அரசர்கள் பதவியேற்றார்களாம்.
ஏற முடியாது என்று லாக்லன் சொல்லவில்லை.
“நான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றான்.
கண்ணுக்கெட்டியவரை ஆளில்லாத புல்.
யார் திருடப்போகிறார்கள்
மீன் நாறுகிற வண்டியை?

நானும் பார்லியும் ஏறினோம்,
நான் நின்ற இடங்களில் அதுவும் நின்று.
காலடி நிறைய மழைத்தண்ணீர்.
நான் மூச்சு வாங்கி முடித்து
வரலாற்றை நினைக்க ஆரம்பிப்பதற்குள்
பார்லி குடிக்க ஆரம்பித்திருந்தது.
குதிகாலைக் குடித்து, விரல்களைக் குடித்து,
ஓரத்தையும் நக்கியது.
மேலே இருப்பது நகல் கல்தானாம்,
அசல் அதற்கடியில் பத்திரமாக இருக்கிறதாம்.
அதுவும் லாக்லன் எங்கோ படித்ததுதான்.
இருக்கட்டும்.
தண்ணீர் நகல் இல்லை.

நக்கித் துடைத்த பள்ளத்தில்
என் பூட்ஸை வைத்தேன்.
குதிகால் வெளியே நின்றது.
கீழே, தீப்பெட்டி அளவு வண்டிக்குப் பக்கத்தில்
தீக்குச்சி அளவு மனிதன்
இரண்டு கையையும் வாயருகே குவித்து,
“இஷ்பெல்! பொருந்துகிறதா?”
“அச்சாகப் பொருந்துகிறது!” என்று கத்தினேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான்.
மடங்காத காலை முன்னால் நீட்டிவைத்து
முடிந்தவரை குனிந்தான்.
நிமிர நேரமானது.
நான் இறங்கிச் சேர்வதற்குள்
அந்த வணக்கத்தை
முகமெல்லாம் நக்கி வாங்கிக்கொண்டது பார்லி.

திரும்பும்போது ஐந்து மணிக்கே விளக்குப் போட்டேன்.
பாலத்தைத் தாண்டி இடப்பக்கத் திருப்பம்.
கதவு திறந்தது. பாத்திரம் விழுந்தது.
“சரி பண்ணுகிறேன்” என்றான், பாதித் தூக்கத்தில்.
ஈர நாய் வாடையும் மீன் வாடையும்
ஒருவழியாகச் சமாதானமாகியிருந்தன.
அவசரமில்லை, என்றேன்.